கிராக் போட்டோஷாப் வேண்டாம்: புதிதாக எடிட்டிங் கற்பவர்களுக்கு

மறுபடியும் ஒரு லேப்டாப் சர்வீஸுக்கு வந்திருக்கிறது. உள்ளே ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஜேபெக் ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் பூட்டைத் திறக்க 980 டாலர் கேட்டிருக்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி, 490. வந்த வழியும் வழக்கமான வழிதான்: ‘போட்டோஷாப் ஃபுல் வெர்ஷன் ஃப்ரீ’.

இது ஸ்டாப்-டிஜாவு என்கிற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் கிராக் (பூட்டு உடைத்த திருட்டு சாஃப்ட்வேர்), கீஜென் (போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் புரோகிராம்) வழியாகவே பரவுகிறது. டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலுக்கு எதற்காக 1234 என்று பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாஸ்வேர்டு இருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, அதற்குத்தான். அடுத்த வரியில் ‘டிஃபெண்டரை (விண்டோஸின் ஆன்டிவைரஸ்) ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று இருக்கும். நீங்களும் ஆஃப் செய்கிறீர்கள். பல சமயம் போட்டோஷாப் நன்றாகவே ஓடும், அதனால் சந்தேகமே வராது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அதற்குள் வெளியே போயிருக்கும்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்காதீர்கள். பூட்டிய ஃபைல்களை அப்படியே ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ரான்சம்வேருக்குள்ளேயே இருக்கும் பொதுச் சாவியால், அதாவது ‘ஆஃப்லைன் கீ’ வகையில் பூட்டியவற்றில் சிலவற்றுக்கு எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019-இல் வெளியிட்ட இலவசக் கருவி உதவும். திருடர்களின் சர்வரிலிருந்து தனியாக வந்த ‘ஆன்லைன் கீ’ என்றால் இன்றைக்கு வழியில்லை. ஆனாலும் இந்த ரான்சம்வேர் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. அதனால் பெரிய ரா ஃபைல்களிலிருந்தும் (கேமரா பதிவு செய்யும் சுருக்காத மூலப் படங்கள்) வீடியோக்களிலிருந்தும் சில நேரம் ஏதாவது மீட்க முடிகிறது. காசு மட்டும் கட்டாதீர்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நம்பிக்கை: போட்டோஷாப் தெரிந்தால்தான் எடிட்டிங் தெரியும், மற்றதெல்லாம் விளையாட்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது, அது தவறு. புதிதாகக் கற்பவர் முதல் ஆறு மாதம் என்ன செய்கிறார்? படத்தை வெட்டுகிறார், சாய்ந்த அடிவானத்தை நேராக்குகிறார், வெளிச்சம் ஏற்றுகிறார், டியூப்லைட் அடித்த மஞ்சளையும் பச்சையையும் ஒயிட் பேலன்ஸில் சரி செய்கிறார், சைஸ் குறைத்து அனுப்புகிறார். இதில் ஒன்றுக்குக்கூட போட்டோஷாப் கட்டாயம் இல்லை. கர்வ்ஸ் (வெளிச்சத்தை மாற்றும் வளைகோடு), லேயர் (படத்தின் அடுக்கு), மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் மறைப்பது) மூன்றும் எந்த சாஃப்ட்வேரில் கற்றாலும் அதேதான். ஒன்றில் கை பழகினால் இன்னொன்றில் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

இன்னும் சில ஊர்களில் 2002-இல் வந்த போட்டோஷாப் 7.0-ஐயே பென்டிரைவில் கொடுத்து ‘இதில் பழகு’ என்கிறார்கள். இன்றைய கேமராவின் ரா ஃபைலை அது திறக்காது. யூனிகோடில் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து நிற்கும். பழைய டிசைனர்கள் பலர் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது.

எனவே முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு சாஃப்ட்வேரைத் தேடுங்கள்.

போனில் எடுத்துப் போனிலேயே பகிர்பவருக்கு ஸ்னாப்சீட் என்ற ஆப் போதும். அது இலவசம். வேறு ஆப் போட்டு ‘மூன்று நாள் ட்ரையல்’ என்று யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால், ஆப்பை அழித்துவிட்டால் பணம் போவது நிற்காது. பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் கேன்சல் செய்ய வேண்டும்.

தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் சுருக்குபவருக்கு கிம்ப். வங்கித் தேர்வு என்றால் 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபி. இமேஜ் மெனுவில் ‘ஸ்கேல் இமேஜ்’ கொடுத்து அளவை மாற்றுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ போய் ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்து, பிரிவ்யூவை டிக் செய்தால், குவாலிட்டியை நகர்த்த நகர்த்த எத்தனை கேபி என்று அங்கேயே தெரியும். ‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற கிம்ப்பின் சொந்த ஃபைல்தான் வரும். ‘கிம்ப்பில் ஜேபெக் வரவில்லை’ என்று புலம்புபவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேமரா வாங்கி ராவில் எடுப்பவர்களே, உங்கள் கேமரா கம்பெனியே இலவசமாக சாஃப்ட்வேர் தருகிறது. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமராவில் நீங்கள் வைத்த நிறத் தேர்வை அப்படியே எடுத்துக்கொள்ளும். இதை ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை. அதைத் தாண்டிப் போக விரும்பினால் ராதெரபி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம். டார்க்டேபிள் உங்கள் திருத்தங்களை ரா ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி ஃபைலில் எழுதி வைக்கும். ‘இது என்ன குப்பை’ என்று அழித்துவிடாதீர்கள். லேயர் வேலை அதிகம் என்றால் அஃபினிட்டி இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் அதுவும் இலவசம், கேன்வா கணக்கு ஒன்று வேண்டும்.

ஆல்பம் டிசைனுக்குப் போகிறவர்கள் கதை வேறு. 12×36 அங்குல ஷீட் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800×3,600 பிக்சல். டெம்ப்ளேட் எல்லாம் போட்டோஷாப்பின் சொந்த ஃபைலான பிஎஸ்டியில் வருகிறது. அந்தத் தொழிலுக்கு போட்டோஷாப் தேவை, மறுக்கவில்லை. அப்படியானால் சந்தா கட்டி வாங்குங்கள், அதைத் தொழில் செலவில் சேருங்கள். அவசரத்துக்கு ஒரு பிஎஸ்டியைத் திறந்து பெயர் மாற்ற மட்டும் என்றால் பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபியா போதும். தொழிலுக்கே கிராக் போட்டு வைத்திருப்பவர்கள் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவைப் படித்துவிடுங்கள்: தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இலவச சாஃப்ட்வேரையும் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். 2022 அக்டோபரில் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே வந்த விளம்பரமே போலித் தளத்துக்கு இழுத்துப்போனது. அங்கே கிடைத்தது பாஸ்வேர்டு திருடும் வைடார் என்ற வைரஸ். நிஜமான இன்ஸ்டாலர் மாதிரி தெரிய ஃபைலை 700 எம்பி அளவுக்கு ஊதி வைத்திருந்தார்கள். விளம்பரத்தைத் தொடாமல், கிம்ப் டாட் ஆர்க் என்று முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

எதை இன்ஸ்டால் செய்வதானாலும், அதற்கு முன்பு படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எடிட் செய்வதையும் அந்தக் காப்பியில் செய்யாமல், கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தில் செய்யுங்கள். ஜேபெக்கைத் திறந்து அதே பெயரில் திரும்பத் திரும்ப சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும். காப்பி முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்துத்தான் பூட்டும்.