சிட்டிசன் சயின்டிஸ்ட்: குடிமகனா, பங்காளியா?

போன மாதம் ஒரு தொல்லியல் பயிலரங்கின் அழைப்பிதழ் வாட்ஸாப்பில் வந்தது. தலைப்பு: ‘மரபுசார் ஆய்வில் உள்ளூர்ச் சமூகங்களைக் குடிமக்கள் விஞ்ஞானிகளாக ஈடுபடுத்துதல்’. இந்தக் ‘குடிமக்கள் விஞ்ஞானி’யை இந்த ஆண்டில் மட்டும் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

இது ‘சிட்டிசன் சயின்டிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. மூலச் சொல்லின் கதை சின்னதுதான். சயின்டிஸ்ட் என்பது 1830களில் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் உருவாக்கிய சொல். சிட்டிசன், லத்தீன் ‘சிவிட்டாஸ்’ வழி வந்தது. ‘சிட்டிசன் சயின்ஸ்’ என்ற சேர்க்கை இன்றைய பொருளில் பரவியது 1990களின் நடுவில். பிரிட்டனில் சமூகவியலாளர் ஆலன் இர்வினும் அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ரிக் பானியும் தனித்தனியே அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் ஆய்வில் கைகொடுப்பதுதான் பொருள். நெதர்லாந்தில் ஃபெலுவே பகுதியின் லைடார் படங்களை (வானிலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுப்பவை) ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே பார்த்து, பழைய ஈமமேடுகளைக் குறித்துக் கொடுத்தார்கள். அதுபோல.

சரி, தமிழுக்கு வருவோம். குடி என்பது சங்கத்தமிழில் குலமும் குடும்பமும். தென்மாவட்டத்துப் பெரியவர்களிடம் ‘ஊர்க் குடிமகன்’ என்றால் முடிதிருத்துபவர். இன்றைய பத்திரிகையில் மேற்கோள் குறிக்குள் ‘குடிமகன்’ வந்தால் அவர் டாஸ்மாக்கிலிருந்து வருகிறார். பன்மையில் ‘குடிமக்கள்’ என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்கிறார்கள். அப்போது வாக்காளர் பட்டியலும் குடியுரிமையும் வந்து நிற்கின்றன. பானை ஓட்டைக் கண்டெடுக்க எதற்குக் குடியுரிமை? அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி எழுந்து, சிட்டிசன் சயின்ஸ் சங்கம் 2023இல் தன் பெயரிலிருந்து சிட்டிசனை எடுத்துவிட்டு, ‘பங்கேற்பு அறிவியல்’ என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

விஞ்ஞானி அதைவிட மோசம். வடமொழி என்பதற்காகச் சொல்லவில்லை (அதற்காகவும் கொஞ்சம் சொல்கிறேன்). தொல்லியல் துறையில் முப்பது ஆண்டு அகழாய்வு செய்தவரையே நாம் விஞ்ஞானி என்பதில்லை; தொல்லியலாளர் என்கிறோம், ஆய்வாளர் என்கிறோம். நடுகல்லைக் காட்டிக்கொடுத்த ஆடு மேய்ப்பவர் மட்டும் எப்படி விஞ்ஞானி ஆனார்?

‘மக்கள் அறிவியல்’ என்று ஒரு மாற்று உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அறிவியலை மக்களிடம் கொண்டுபோன வேலைக்குத்தான் அந்தப் பெயர். இங்கே பேசுவது மக்களிடமிருந்து ஆய்வுக்கு வருவதைப் பற்றி, திசையே வேறு. நாளிதழ்களின் ‘வரலாற்று ஆர்வலர்’ எனக்குப் பிடித்த சொல், குறளிலேயே இருக்கும் ஆர்வலர். ஆனால் அதில் அன்பு தெரிகிறதே தவிர உழைப்பு தெரியவில்லை.

என் பரிந்துரை: செயலுக்குப் பங்கேற்பு ஆய்வு, ஆளுக்கு ஆய்வுப் பங்காளி.

சிரிக்காதீர்கள். பங்காளிக்குப் பங்கு உண்டு, அதுதான் விஷயம். 1878இல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டமே, புதையலுக்கு வேறு யாரும் உரிமை கோராமல், நிலத்துக்காரரோடு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்றது. புதையலுக்குக் கொடுத்த பங்கைத் தகவலுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? 1970களில் மாணவர்கள் எடுத்துவந்த பழம்பொருள்களைப் பார்த்துக் கீழடியைப் பற்றித் தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னவர் ஒரு வரலாற்று ஆசிரியர். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வுக் குழி போட்டது 2015இல்தான். திருப்புல்லாணி அரசுப் பள்ளி மாணவர்கள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துக் கல்வெட்டு படிக்கப் பழகினார்கள். இவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது? பங்காளிதான் சரி.

அப்புறம் அந்த ‘உள்ளூர்ச் சமூகங்கள்’. எந்த ஊரிலாவது டீக்கடையில் போய் ‘உங்கள் சமூகம்’ என்று ஆரம்பித்துப் பாருங்கள், என்ன சாதி என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஊரார் என்ற சொல் எங்கே போயிற்று? சோழர் கல்வெட்டுகளில் ‘ஊரோம்’ என்று கையெழுத்துப் போட்டவர்களை, அந்தக் கல்வெட்டைப் படிக்கும் துறையே சமூகங்கள் ஆக்கிவிட்டது. ‘ஈடுபடுத்துதல்’ இன்னொரு கொடுமை. ஊராரை யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கிறது. ‘ஊராரோடு சேர்ந்து தொல்லாய்வு’ என்று போட்டால் தலைப்பு முடிந்தது.

பங்காளி என்றால் சண்டை வருமே என்றார் நண்பர். வரட்டும். அறிக்கையில் என் பெயர் எங்கே என்று ஊர்க்காரர் கேட்டால் அது நியாயமான பங்காளிச் சண்டைதான்.

அழைப்பிதழ் அனுப்பியவருக்கு இதையெல்லாம் எழுதிப் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது.