குகைக்குப் போனதை டொக்டரிடம் சொன்னீர்களா?

வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்கு வந்த தம்பிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். "எங்கேயும் போனீங்களா?" என்று கேட்டேன். "இல்லை டொக்டர்" என்றார். வெளிநாட்டைக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்காலை லேசாக அழுத்தியதும் முகம் சுளித்தார். அப்போதுதான் கூட வந்த மனைவி, "ரெண்டு கிழமைக்கு முந்தி வவுல்பனவில தண்ணிக்குள்ள நடந்தீங்களே, அதையும் சொல்லுங்கோவன்" என்றார்.

வவுல்பன இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ள சுண்ணாம்புக்கல் குகை. வவுல் என்றால் சிங்களத்தில் வௌவால். உள்ளே ஓடை ஓடுகிறது. இவர் பாட்டாச் செருப்போடு இறங்கியிருக்கிறார். வார் உரசிக் காலில் ஏற்கெனவே புண். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் அப்படியொரு புண்ணில் பட்டால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம். இரத்தினபுரியில் அது அதிகமாகப் பதிவாகிற நோய். கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும்கூட, காய்ச்சல் தொடங்கும். அதற்குள் சுற்றுலாப் படங்கள் வட்ஸ்அப்பில் பழசாகிவிடும், யாருக்கு நினைவிருக்கும்?

அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், சுகமாகி வந்தார். பிந்தினால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் வரை போகக்கூடிய நோய் இது. சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ காத்திருக்கவே கூடாது. கால்வலிக்கென்று பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. டெங்கோ எலிக்காய்ச்சலோ, இரண்டுக்குமே அது ஆபத்து. பரசிட்டமோல் போதும்.

குகைக்குப் போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை, எனக்கே ஆசையான இடம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சங்கதிதான் குகைக் கூரையிலிருந்து தொங்குகிறது. ஒரு விரல் நீளம் வளர நூற்றாண்டுகள் ஆகும். கையின் எண்ணெய்ப்பசை பட்டால் வளர்ச்சி நின்றுபோகலாம். வழிகாட்டி "தொடாதீங்க" என்பது அதனால்தான். எங்கே வழுக்கும், எங்கே ஆழம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். படம் எடுப்பதற்காக அவரை விட்டுப் பின்தங்காதீர்கள்.

இறங்குவதானால் மூடிய சப்பாத்து போடுங்கள், புண்ணுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுக்கும் டொக்ஸிசைக்ளின் குளிசையை நீங்களாக விழுங்காமல், போகுமுன் உங்கள் டொக்டரைக் கேளுங்கள். வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பூஞ்சை இருக்கலாம். மூச்சோடு போனால் நெஞ்சுச்சளி போல நுரையீரலைப் பிடிக்கும். ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. வௌவால் கீறினால், சின்னக் கீறல்தானே என்று விடாமல், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே விசர்நாய்க்கடி ஊசிக்குப் போங்கள். அப்புறம், சோற்றுப் பார்சலைப் பிரிக்குமுன் கை கழுவுங்கள். சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "போன ஒரு மாசத்தில கொழும்புக்கு வெளியே எங்க கால் வச்சீங்க?" என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு ஓர் அம்மா யோசித்துவிட்டு, "இந்தா பக்கத்தில இருக்கிற தெஹிவளைக்குப் போனனான், அதுவும் கணக்கோ டொக்டர்?" என்றார்.