ஆதாரம் காட்டியும் அப்பா ஏன் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்?

தேர்தல் நெருங்கும் மாதங்களில் என்னிடம் வருபவர்கள் தூக்கமில்லை, எரிச்சல், படபடப்பு என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பாவோடு வந்த சண்டையில் போய் நிற்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவும் மகனும் பேசாமல் இருப்பதையும் பார்க்கிறேன். சொத்துத் தகராறு எதுவும் இல்லை, கட்சிதான் காரணம். "இவ்வளவு ஆதாரம் காட்டியும் ஏத்துக்க மாட்டேங்கிறாரு டாக்டர்" என்பதுதான் மனநல மருத்துவராக நான் அதிகம் கேட்கும் புகார்.

ஆதாரத்தைக் காட்டும் அந்த நொடியில் மூளையில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்தே பார்த்திருக்கிறார்கள். 2004 அதிபர் தேர்தல் சமயத்தில், எமோரி பல்கலைக்கழகத்தின் ட்ரூ வெஸ்டன் குழு தீவிரக் கட்சி ஆதரவாளர்கள் 30 பேரை, மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தது. பாதிப் பேர் குடியரசுக் கட்சி, பாதிப் பேர் ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரியும் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதாகக் காட்டும் வாசகங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். எதிர்க்கட்சி வேட்பாளரின் முரண்பாடு எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. தங்கள் வேட்பாளருடையது மட்டும் அவ்வளவாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில், நிதானமாக அலசிப் பார்க்கும்போது இயங்கும் முன்மூளைப் பகுதி பெரிதாகக் கிளரவில்லை. உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள்தான் சுறுசுறுப்பாக இருந்தன.

2016இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனஸ் கப்லன் குழு, தாராளவாத (லிபரல்) கருத்துகளில் உறுதியான 40 பேரை எடுத்துக்கொண்டது. மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற சாதாரண நம்பிக்கைகளுக்கு மறுப்புச் சொன்னபோது பலரும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு போன்ற அரசியல் நம்பிக்கைகளைத் தொட்டதும் அவ்வளவாக அசையவில்லை. அப்போது அதிகமாக இயங்கியது, 'நான் யார்' என்று நம்மைப் பற்றி யோசிக்கும்போதும் இயங்கும் வலைப்பின்னல். கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்தவர்களிடம் ஆபத்தையும் உடல் உணர்வையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளான அமிக்டலாவும் இன்சுலாவும் கூடுதலாக இயங்கின.

அதாவது, மகன் அனுப்பும் செய்தி இணைப்பு அப்பாவின் மூளைக்கு வெறும் தகவலாகப் போய்ச் சேர்வதில்லை. அவர் இளமையில் கொடி பிடித்த ஊர்வலம், அவருடைய தந்தை ஓட்டுப் போட்ட சின்னம், நண்பர் வட்டம் எல்லாவற்றின் மேலும் கை வைப்பதாகத்தான் அது படுகிறது. மகன் பக்கமும் இதே கதைதான். படித்தவன் என்பதால் அவனுடைய மூளை வேறு மாதிரி நடந்துகொள்வதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். "பழமைவாதிகளுக்கு அமிக்டலா பெரிது, அதனால்தான் பயப்படுகிறார்கள்" என்கிற ஃபார்வர்டு அடிக்கடி சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 90 இளைஞர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வுதான் அதற்கு மூலம். நெதர்லாந்தில் 928 பேரை வைத்து அதையே மறுபடி சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். அமிக்டலாவின் அளவுக்கும் பழமைவாதத்துக்கும் கிடைத்த தொடர்பு முன்பைவிட மிகச் சிறியது. 2011 ஆய்வு சொன்ன இன்னொரு மூளைப் பகுதியின் தொடர்பு கிடைக்கவே இல்லை. அமிக்டலா பயத்துக்கு மட்டுமே இயங்குவதும் இல்லை, மகிழ்ச்சியான முகத்தைப் பார்த்தாலும் இயங்கும். எதிர்த்தரப்பின் மூளையில் கோளாறு என்று சொல்ல இந்த அறிவியலைப் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தாராளவாதி, பழமைவாதி என்ற கோடும் நம் ஊர்க் கட்சிகளின் மேல் அப்படியே பொருந்தாது.

பொருந்துவது 'நாம், அவர்கள்' என்ற பிரிவு. சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய சோதனையை 1970இல் வெளியிட்டார். ஓவியர் க்ளீயைப் பிடித்தவர்கள், காண்டின்ஸ்கியைப் பிடித்தவர்கள் என்று சொல்லிப் பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது எந்த அடிப்படையும் இல்லாமல், எதேச்சையாகத்தான். அதற்கே, தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் பணம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று பங்கிடும் போக்கு சிறுவர்களிடம் தெரிந்தது. தலைமுறைகளாக ஒரு கட்சியில் இருக்கும் குடும்பத்தில் அந்தப் பிடிப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கும்!

சரி, பேசவே முடியாதா? முடியும். அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகப் போய்த் திருநர்களைப் பற்றி வாக்காளர்களிடம் சுமார் 10 நிமிடம் பேசிப் பார்த்தார்கள். வாதம் செய்யவில்லை. "உங்களை யாராவது மட்டமாக எடைபோட்ட அனுபவம் உண்டா?" என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது, 3 மாதம் கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது. ஆய்வாளர்கள் புரூக்மேனும் கல்லாவும் 2016இல் வெளியிட்ட முடிவு இது. எல்லா விஷயத்திலும் இதே அளவு பலிக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனாலும் குடும்பங்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

முதலில் குரூப்பில் பதில் போடுவதை நிறுத்துங்கள். பத்து சொந்தக்காரர்கள் பார்க்கும் இடத்தில் யாரும் பின்வாங்க மாட்டார்கள். நேரில், தனியாக, சாப்பிட்ட பிறகு உட்காருங்கள். "இந்தக் கட்சி மேல உங்களுக்கு எப்போ பிடிப்பு வந்தது?" என்று கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். குரல் உயர்ந்து நெஞ்சு படபடத்தால், அப்புறம் பேசலாம் என்று எழுந்துவிடுங்கள். அந்தப் படபடப்பு வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பசியும் வேலையும் பாதிக்கப்பட்டாலோ அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.