மூன்றாவது வாட்டர் வாஷில் திரும்பி வரும் கோடுகள்

மறுபடியும் ஒரு கறுப்பு வண்டி. பாலிஷ் போட்டு, அதற்கு மேல் செராமிக் கோட்டிங்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டெலிவரி அன்று முகம் பார்க்கலாம் போல இருந்ததாம். இப்போது வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வளைவளைவாக வெளிறிய பட்டைகள். நாம் நகர்ந்தால் அவையும் கூடவே நகர்கின்றன. "கோட்டிங் மட்டமான சரக்கு சார், அதை மாத்திக் கொடுங்க" என்கிறார் உரிமையாளர். கோட்டிங் மேல் ஒரு தப்பும் இல்லை. தனக்குக் கீழே இருப்பதை அது அப்படியே காட்டுகிறது. கீழே இருப்பது ரோட்டரி மெஷினும் (ஒரே அச்சில் சுற்றும் பாலிஷ் மெஷின்) அதில் மாட்டிய கம்பளி பேடும் விட்டுப்போன ஹோலோகிராம், அதாவது அந்த நுண்ணிய கீறல் பட்டைகள். கடைசியில் போடும் நைசான ஃபினிஷிங் பாலிஷ் அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, எடுத்துவிட்டதா என்று யாரும் பார்க்கவும் இல்லை. கோட்டிங் அடிக்காத வண்டி என்றால் கீறலை மறைத்திருக்கும் பாலிஷ் எண்ணெய் கழுவிப் போய், இதே கதை இரண்டு மூன்று வாட்டர் வாஷில் வெளியே வந்துவிடும்.

இந்த மாதிரி வண்டிகள் வருவது குறைந்தபாடில்லை. கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: "கடைசியில ஃபினிஷிங் பாலிஷும் போட்டோமே!" அந்தப் 'போட்டோமே'யில்தான் பிரச்சினை இருக்கிறது. பாலிஷ் பூசுகிற பொருள் இல்லை. அது பெயின்டுக்கு எதையும் கொடுப்பதில்லை, பெயின்டிலிருந்து எடுக்கிறது. மெழுகு, சீலன்ட், கோட்டிங் இவையெல்லாம் மேலே சேர்ப்பவை. முதலில் போடும் கரடான காம்பவுண்டும் ஃபினிஷிங் பாலிஷும் தேய்த்து எடுப்பவை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து விற்பதால் ஒன்றாகிவிடாது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு துகள், அது வழுக்கிக்கொண்டு ஓட எண்ணெய், அப்புறம் தண்ணீரும் கரைப்பானும். பளபளப்பு என்று தனியாக ஒரு சமாச்சாரம் அதில் கிடையாது. நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டின் மேற்பரப்பு சமமாக இருந்தால் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும், நமக்கு ஆழமாகத் தெரியும். கீறலாக இருந்தால் நாலாபக்கமும் சிதறும், வெளிறித் தெரியும். மொசைக் தரை தேய்ப்பவர் கரடான கல்லில் ஆரம்பித்து நைசான கல்லில் முடிப்பார் இல்லையா, அதே வேலைதான் இது. முந்தைய கல் விட்ட தடத்தை அடுத்த கல் எடுக்க வேண்டும். எடுக்காமல் மேலே எண்ணெய் தடவினால் தரையும் இரண்டு நாளைக்கு மின்னத்தான் செய்யும்.

பளபளப்பு மருந்து என்று நினைப்பவர் செய்யும் காரியங்களைப் பாருங்கள். நிறைய ஊற்றினால் நிறைய மின்னும் என்று பேடை ஊற வைக்கிறார். வேகத்தைக் கூட்டினால் இன்னும் மின்னும் என்று மெஷினை முழு வேகத்தில் ஓட்டுகிறார். மாதாமாதம் போட்டால் வண்டி புதுசாகவே இருக்கும் என்று நம்புகிறார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்த்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50. உங்கள் தலைமுடி ஒன்று அதைவிடத் தடிமன். காம்பவுண்ட் வேலை ஒருமுறைக்கு ஓரிரு மைக்ரான் தின்னும், ஃபினிஷிங் பாலிஷ் அதைவிடக் குறைவாகத் தின்னும், ஆனால் தின்னும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அது மெலிந்து போனால் என்ன ஆகும் என்று கூரை உரிந்து நிற்கும் பழைய வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

சரி, எதை வாங்குவது? பாட்டில் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மென்சர்னா கம்பெனியின் பாட்டிலில் 400 என்பது கடுமையான காம்பவுண்ட், 3800 என்பது மிக நைசான ஃபினிஷ். கோச் கெமி கம்பெனியில் எச்9 கடுமை, எம்3 நைஸ். ஒன்றில் எண் ஏற ஏற மென்மை, இன்னொன்றில் இறங்க இறங்க மென்மை. எந்த எண்ணும் உப்புத்தாள் நம்பர் இல்லை. பேடின் நிறமும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் வெள்ளை இன்னொரு கம்பெனியின் வெள்ளை இல்லை. நிறத்தை விட்டுவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள்.

துகள்களிலும் இரண்டு ரகம் உண்டு. தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகிறவை ஒன்று, கடைசிவரை ஒரே அளவில் இருப்பவை இன்னொன்று. மெகுயர்ஸ் கம்பெனியின் 205 என்ற பாலிஷ் இரண்டாவது ரகம். முதல் ரகத்தை அவசரப்பட்டுப் பாதியில் துடைத்தால் உடையாத துகள் போட்ட கீறல் அப்படியே நிற்கும். மங்கல் விழுவதில் பாதிக்குக் காரணம் கையின் அவசரம்தான், பாட்டில் இல்லை.

பேடும் பாலிஷும் ஜோடி. கறுப்பு, அதிலும் மென்மையான கிளியர் கோட் என்றால், மைக்ரோஃபைபர் பேடால் எவ்வளவு நைசான பாலிஷ் போட்டாலும் மெல்லிய மங்கல் விழும். அப்போது பாலிஷை மாற்றாதீர்கள், முதலில் மென்மையான ஃபோம் பேடுக்குப் போங்கள். கெட்டியான பெயின்டில் கதை தலைகீழ். மிக மென்மையான பேட் மேலே தடவிக்கொடுத்துவிட்டுப் போகும், காம்பவுண்ட் விட்ட தடம் அப்படியே இருக்கும். அங்கே நடுத்தர பாலிஷ் ஒன்றை இடையில் ஓட்டித்தான் ஆக வேண்டும். எது மென்மை, எது கெட்டி என்று கம்பெனிப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு நிறங்களே வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். பம்பர் ரீபெயின்ட் ஆகியிருந்தால் அது மூன்றாவது கதை.

அதனால் சின்ன இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் ஸ்பாட் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. பானெட்டில் ஒரு அரை மீட்டர் சதுரம். இருப்பதிலேயே மென்மையான ஜோடியில் தொடங்குங்கள். அதிலேயே கோடு போய்விட்டால் காம்பவுண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். எத்தனை பேர் இதைச் செய்யாமல் நேராகக் கம்பளி பேடோடு வண்டி மேல் ஏறுகிறார்கள் தெரியுமா?

ஓட்டும் விதத்தில் பெரிய ரகசியம் இல்லை. பேனல் (பானெட், கதவு மாதிரி ஒவ்வொரு தகடும்) தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், வெயிலில் வேலை வேண்டாம். புது பேட் என்றால் முகம் முழுக்க பாலிஷை லேசாகத் தேய்த்துப் பழக்குங்கள், அதன்பின் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். டிஏ மெஷினில் (டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே அதிரும் மெஷின்) ஆறு வேகம் இருந்தால் ஃபினிஷிங்குக்கு மூன்று, நான்கு. முந்தின தடத்தில் பாதியை மூடிக்கொண்டு, நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக. கடைசி இரண்டு ஓட்டத்தில் மெஷினின் எடை மட்டும் இருக்கட்டும், கை அழுத்த வேண்டாம். பேட் ஒட்டுகிற பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பேட் சுற்றவில்லை, வெறுமனே அதிர்கிறது என்று அர்த்தம். வளைவுகளில் இது அடிக்கடி நடக்கும், மெஷினைப் பேனலுக்குத் தட்டையாகப் பிடித்தால் சரியாகும்.

ரோட்டரியில் ஃபினிஷ் பண்ண முடியாதா? முடியும், அதற்கு நிறையப் பழகிய கை வேண்டும். டிஏ கையில் இருந்தால் கடைசி ஓட்டத்தை அதற்கு விடுங்கள்.

கடையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பேடைச் சுத்தம் பண்ணுங்கடா! ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷாலோ காற்றாலோ. உரித்தெடுத்த கிளியர் கோட்டும் காய்ந்த பாலிஷும் பேடிலேயே அடைந்து கிடந்தால், அதற்குமேல் எவ்வளவு உயர்ந்த பாலிஷ் ஊற்றினாலும் மங்கல்தான் வரும். இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று கணக்கு வைத்து முன்னாலேயே எடுத்து வையுங்கள். தரையில் விழுந்த துணி தரைக்கே. ஒயரைத் தோளுக்குப் பின்னால் போடுங்கள். பெல்ட் பக்கிளும் மோதிரமும் வண்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. மாஸ்க் போடச் சொன்னால் சிரிக்க வேண்டாம்.

அடுத்தது, அதிகம் பேர் விட்டுவிடுகிற வேலை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 சதவீதம் போலக் கலந்து பேனலைத் துடையுங்கள். எண்ணெய் போனால்தான் நிஜம் தெரியும். டியூப்லைட் வெளிச்சம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும். ஒற்றைப் புள்ளியாக விழும் எல்இடி விளக்கை நாலு கோணத்தில் நகர்த்திப் பாருங்கள், முடிந்தால் வண்டியை வெளியே எடுத்து வெயிலில் பாருங்கள். மெழுகு கலந்து வரும் ஆல் இன் ஒன் பாலிஷைக் கோட்டிங்குக்கு அடியில் போடவே கூடாது. கோட்டிங் பெயின்டைப் பிடிக்காமல் அந்த மெழுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்டிங் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை போய் நில்லுங்கள். ஆல்கஹால் போட்டுத் துடைத்த பேனலை வெயிலில் காட்டச் சொல்லுங்கள். வேலை ஒழுங்காகச் செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். முதல் பேனலைத் தொடுவதற்கு முன் பெயின்டின் தடிமனை மீட்டர் வைத்து அளந்தார்களா என்றும் கேளுங்கள். கோட்டிங் அடித்தபின் ஹோலோகிராம் தெரிந்தால் கோட்டிங்கையே தேய்த்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அந்தச் செலவில் காசு போவதோடு கிளியர் கோட்டும் சேர்ந்து போகும். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது, அங்கே டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிற கீறலை "பாலிஷ்லயே எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் யாரையும் நெருக்காதீர்கள். அதன் அடிவரை சுற்றிலும் இறக்கினால் கிளியர் கோட் மிஞ்சாது. ஓரத்தை மழுக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் குறைத்துத் தரலாம். அதுவும் போதாது என்றால் பெயின்டரிடம் போக வேண்டியதுதான்.