புதிய எறும்புச் சிற்றினத்தை எப்படி நிறுவுகிறார்கள்?

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில், யிங்கு என்னும் சிற்றூரில், ஒரு மரப்பொந்தில் கிடைத்த எறும்பை, பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிரியதர்சனன் தர்மராஜன், சஹனஸ்ரீ ஆகியோரும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அஸ்வஜ் புன்னத்தும் 2024ஆம் ஆண்டு புதிய சிற்றினமாக அறிவித்தார்கள். 2 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள அந்த எறும்புக்கு, உணர்கொம்பு, தாடை, கால்கள் நீங்கலாக உடலெங்கும் உலோகப் பளபளப்புடைய நீல நிறம். ஆகவே பாராபாராட்ரெகினா நீலா என்று பெயரிட்டார்கள். எல்லோரையும் ஈர்த்தது நிறம்தான். ஆயினும், நிறத்தை மட்டும் காட்டி இதைப் புதிய சிற்றினம் என்று நிறுவியிருக்க முடியாது.

எறும்புகளில் நிறம் தனித்து நின்று சாட்சி சொல்லாது. நம் மாமரங்களில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் செந்நிற முயிறும், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பச்சை வயிற்றுடன் காணப்படும் முயிறும் ஒரே சிற்றினமே. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வேலைக்கார எறும்பு வெளிறியிருக்கும்; அருங்காட்சியகப் பெட்டியில் பல்லாண்டுகள் இருந்த மாதிரி மங்கிப்போகும்.

எனவே வகைப்பாட்டியலாளர் உடலமைப்பை நாடுகிறார். எத்தனாலில் பாதுகாத்த எறும்பை முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரே கணு இருந்து, வயிற்று நுனியில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் வட்டத் துளையும் இருந்தால், அது ஃபார்மிசினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அடுத்து மார்பின் மேற்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் மயிர்களை எண்ண வேண்டும்: முன்பகுதியில் இரண்டு இணை, நடுவில் ஓர் இணை, பின்பகுதியில் ஓர் இணை என்ற ஒழுங்கு பாராபாராட்ரெகினா பேரினத்தைச் சுட்டும் முக்கிய அடையாளம். ஒரு பேரினத்தை அடையாளம் காண இத்தனை சிறிய மயிர்கள் போதுமானவையாக இருப்பது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

உண்மையான உழைப்பு அதன் பிறகே தொடங்குகிறது. தலையின் அகலம், நீளம், உணர்கொம்பின் அடித்தண்டு ஆகியவற்றை அளந்து விகிதங்கள் கணக்கிடுகிறார்கள். தாடைப் பற்களை எண்ணுகிறார்கள். நீலாவுக்கு ஏறத்தாழ முக்கோணமான தலை, பெரிய கண்கள், ஐந்து பற்களுடைய தாடை. இந்தப் பண்புகளின் கூட்டு இதுவரை விவரிக்கப்பட்ட எந்த உறவினத்துக்கும் பொருந்தவில்லை என்று காட்டினால்தான் புதுமை நிலைபெறும். இந்தியத் துணைக்கண்டத்தில் அதுவரை அறியப்பட்டிருந்த இப்பேரினத்து எறும்பு, சுவிட்சர்லாந்தின் அகஸ்ட் ஃபொரெல் 1902இல் விவரித்த பாராபாராட்ரெகினா அசீட்டா. ஃபொரெலின் சேகரிப்பில் பெரும்பகுதி ஜெனீவாவில் இருக்கிறது. இத்தகைய மூலமாதிரிகளை, அதாவது ஒரு சிற்றினத்தை முதலில் விவரித்தபோது அதன் பெயருக்கு ஆதாரமாக வைத்த எறும்புகளைக் காண முன்பு கடல் கடக்க வேண்டியிருந்தது. இன்று பலவற்றின் நுண்படங்களை ஆன்ட்வெப் என்னும் எறும்பு இணையதளத்தில் பார்க்கலாம். சியாங் பள்ளத்தாக்கு தென்கிழக்காசியக் காடுகளுக்கு அண்மையில் இருப்பதால், அப்பகுதிச் சிற்றினங்களோடும் ஒப்பிடாமல் விட முடியாது.

எறும்புகளுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ஒரே கூட்டின் ராணி, ஆண், வேலைக்காரர் ஆகியோர் முற்றிலும் வேறு உயிர்கள் போலத் தோன்றக்கூடும். ஆப்பிரிக்கப் படையெறும்பு ஒன்றின் இறக்கையுள்ள ஆணைக் குளவியெனக் கருதி, லின்னேயஸ் 1764இல் குளவிப் பேரினத்தில் சேர்த்தார். இன்று மரபணுக் குறியீட்டை ஒப்பிட்டு, தனித்துக் கிடைத்த ஆணை அதன் வேலைக்காரரோடு இணைக்க முடிகிறது.

ஒப்பீடு முடிந்ததும் ஒரே ஓர் எறும்பை ஹோலோடைப் எனத் தேர்ந்தெடுத்து, பெயரை அதனோடு பிணைக்கிறார்கள். 1999க்குப் பின் வெளியாகும் பெயர்களுக்கு இத்தகைய மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிடுவதை விலங்கியல் பெயரிடல் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. விவரிப்பில் பிழை இருந்தாலும் மூலமாதிரி மாறுவதில்லை. ஐயம் கொள்ளும் எவரும் அதே எறும்பை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்து மயிர்களை எண்ணிப் பார்க்கலாம். இரு பெயர்கள் ஒரே சிற்றினத்தைக் குறிப்பதாகப் பின்னர் தெரியவந்தால், பொதுவாக முந்திய பெயரே நிலைக்கும்.