பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் நிலம் சொந்தமாகிவிடுமா?

"பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் இடம் நமக்குத்தான்" என்ற பேச்சை நம்பிப் பிறர் மனையில் வீடு கட்டியவர்களும் உண்டு; அதே பேச்சுக்கு அஞ்சி நல்ல வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் சட்டத்தைப் பாதிதான் அறிந்திருக்கிறார்கள்.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் உரிமையாளர், மற்றவரின் அனுபவம் (அதாவது நிலத்தைக் கைவசம் வைத்துப் பயன்படுத்துவது) தமக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் மீட்பு வழக்குத் தொடுக்க வேண்டும். தவறினால் அச்சட்டத்தின் 27-ஆவது பிரிவு அவருடைய உரிமையையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அரசு நிலத்துக்கு இந்தக் காலம் 30 ஆண்டுகள். இதுவே எதிரிடை அனுபவம்.

'எதிரிடை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அனுபவம் வெளிப்படையாகவும், இடைவிடாமலும், உரிமையாளரின் உரிமையை மறுத்தும் இருந்திருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர், தோட்டக் காவலுக்கு வைக்கப்பட்டவர், இரக்கத்தால் இடம் கொடுக்கப்பட்ட உறவினர் ஆகியோர் நாற்பது ஆண்டுகள் இருந்தாலும், அது அனுமதியின் பேரில் இருந்ததாகவே கொள்ளப்படும். அண்ணன் மட்டும் உழுது வந்த பூர்வீக நிலத்திலும் தம்பியின் பங்கு அதனாலேயே போய்விடாது. தம்பிக்குப் பங்கில்லை என்று அவர் அறியும்படி மறுத்து, அவரை விலக்கிவைத்ததை அண்ணன் நிரூபிக்க வேண்டும்.

வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் ஒருவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும். எதிரிடையாக இருந்தார் என்பதைக் காட்டா. என்று நுழைந்தார், உரிமையாளர் யார், அவருக்கு அது எப்போது தெரியவந்தது என்பவற்றை உரிமை கோருபவரே சொல்லி மெய்ப்பிக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான். இவ்வாறு மெய்ப்பிக்க முடிந்தவர், எதிர்வாதமாக மட்டுமன்றித் தாமே வாதியாகவும் வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. குடிமகனின் நிலத்தை எடுத்துக்கொண்டு அரசே இந்த வாதத்தை எழுப்ப முடியாது என்று 2020-இல் அது கூறியது மிகச் சரியானது.

உரிமையாளர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதோடு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நோட்டீஸ் காலத்தை நிறுத்தாது. வழக்குத் தாக்கலே நிறுத்தும். நிலம் வாங்குவோருக்கும் ஒன்று: வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். வேலிக்குள் யார் வாழை வைத்திருக்கிறார், எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறார் என்பதை நேரில் போய், பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.