காற்றைப் பிடிக்கும் கணக்கு

நினைத்த மாத்திரத்தில் இதயத்தை நிறுத்திக் காட்டும் யோகிகள் உண்டு என்ற பேச்சு வெகுகாலமாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று 1950களின் பிற்பகுதியில் வெங்கர், பாக்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்து கருவிகளைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்தார்கள். டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த பி. கே. ஆனந்த் அவர்களோடு சேர்ந்துகொண்டார். யோகிகள் மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கினார்கள். கையில் நாடி கிடைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் இல்லை. இசிஜி கருவி மட்டும் அதுபாட்டுக்குத் துடிப்புகளை எழுதிக்கொண்டே இருந்தது.

1961-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: இதயம் நிற்கவில்லை. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்தது, நாடி மெலிந்தது. இறுகிய தசைகளின் இரைச்சல் இதய ஒலியை மூடிவிட்டது.

சரி, அப்படியானால் யோகம் வெறும் வித்தைதானா? எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இதயத்துக்கு நேரடியாக உத்தரவு போட முடியாத மனிதர்கள், மூச்சையும் தசையையும் பிடித்துக்கொண்டு ரத்த ஓட்டத்தையே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். முன்வாசல் பூட்டியிருக்கிறது, கொல்லைப்புறம் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள். யோகத்தால் கிடைக்கும் பலன்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் வருகின்றன.

யோகம் என்றதும் உடலை வில்லாக வளைக்கும் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள 190-க்கும் மேற்பட்ட சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்கே ஆசனத்துக்கான இலக்கணம். உட்காரத் தெரிந்த பிறகு மூச்சு, மூச்சுக்குப் பிறகு மனம் என்று அது நகர்ந்துவிடுகிறது. இந்த வரிசைக்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது.

செரிமானம், ரத்த அழுத்தம், வியர்வை, இதயத்துடிப்பு எல்லாவற்றையும் தன்னியக்க நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அதில் ஒரு பிரிவு ஆபத்து என்றால் முடுக்கிவிடும். இன்னொன்று ஆபத்து விலகியதும் தணிக்கும். இரண்டுமே நம் சொல்லைக் கேட்பதில்லை. ‘ரத்த அழுத்தமே, இறங்கு’ என்று சொல்லிப் பாருங்கள்! மூச்சு மட்டும் விதிவிலக்கு. தூங்கும்போது அது தானே ஓடும். விழித்திருக்கும்போது நாம் விரும்பினால் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது நிதானமாவதும் பலருக்கு விரலிலேயே தெரியும். மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்புதான் இதயத்தின் பிரேக். மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. அதாவது வெளிமூச்சு நீள நீள, பிரேக்கில் கால் இருக்கும் நேரமும் நீள்கிறது.

இங்கேதான் திருமூலரின் கணக்கு எனக்கு வியப்பாக இருக்கிறது. பூரகம், அதாவது மூச்சை இழுப்பது, 16 மாத்திரை (மாத்திரை என்பது பழைய கால அளவு); கும்பகம், அடக்குவது, 64; இரேசகம், விடுவது, 32 என்று திருமந்திரம் சொல்கிறது. இழுப்பதைப்போல் இரு மடங்கு நேரம் விட வேண்டும். வேகஸ் நரம்பை அவர் அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பெருமை நமக்குத் தேவையும் இல்லை. பொறுமையாகத் தன் உடலையே கவனித்தவர்களுக்கு வெளிமூச்சின் தன்மை பிடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001-ல் வெளியானது. லத்தீன் ஜெபமாலையைச் சொன்னாலும் யோக மந்திரத்தைச் சொன்னாலும், அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை என்ற அளவுக்கு இறங்கியது. அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி. ரத்த அழுத்தத்திலும் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை எழுந்து அடங்கும் அலை ஒன்று இயல்பாகவே உண்டு. மூச்சின் தாளம் அதோடு பொருந்தும்போது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டதுபோல் அந்த அலை வலுப்பெறுகிறது. அழுத்தத்தைச் சமன்செய்யும் உணர்விகளும் கூர்மையாக வேலை செய்கின்றன. மதம் வேறு, மொழி வேறு, விநாடிக் கணக்கு மட்டும் ஒன்று.

மனதுக்குள் நடப்பது என்ன? மூச்சின் தாளத்தைப் போடுவது மூளைத்தண்டில் இருக்கும் ‘பிரீ-பாட்சிங்கர்’ என்ற நரம்பணுக் கொத்து. (பக்கத்தில் உள்ள பகுதிக்கு ஒரு ஜெர்மன் ஒயினின் பெயரை வைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் இது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே.) 2017-ல் எலிகளில் இந்தக் கொத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். மூச்சு நிற்கவில்லை. ஆனால் புதிய கூண்டில் விட்டால் வழக்கமாகப் பரபரவென்று மோந்து திரியும் எலிகள், அமைதியாக உட்கார்ந்து தம்மைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. அந்த நரம்பணுக்கள் மூளையின் விழிப்பு மையத்துக்கு ‘மூச்சு வேகமாக ஓடுகிறது’ என்று சேதி சொல்பவை. பதற்றத்தால் மூச்சு வாங்குவது நமக்குத் தெரியும். மூச்சு வாங்குவதாலும் பதற்றம் ஏறும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பிராணாயாமம் ரத்தத்தில் ஆக்சிஜனை அள்ளி நிரப்புகிறது என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆரோக்கியமானவரின் ரத்தம் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. மேலும் நிரப்ப அங்கே பெரிதாக இடம் கிடையாது.

ஆசனங்களுக்கு வருவோம். ‘யோகா செய்தால் தசை நீளும்’ என்பதும் முழு உண்மையில்லை. தசை திடீரென்று இழுபட்டால், அதிலுள்ள உணர்விகள் முதுகுத்தண்டுக்குச் சேதி அனுப்பி அதைச் சுருங்க வைக்கும். மெதுவாக நீட்டி அப்படியே நின்றால் அந்த எதிர்ப்பு அடங்குகிறது. சில வாரங்களில் குனிந்து காலைத் தொட முடிவதற்குப் பெரும் காரணம், அந்த நிலை ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதுதான். அசையாமல் தாங்கி நிற்பதால் தசைக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் கூடுகின்றன. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றில் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இடம்பெற்றது. ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கலாம்; அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது முட்டாள்தனம்.

எல்லா ஆசனமும் எல்லோருக்கும் இல்லை. சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

தொடங்க நினைப்பவர்கள் கும்பகத்தை விட்டுவிடுங்கள். 64 மாத்திரை அடக்குவது தேர்ந்தவர்களின் வேலை. முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, மூக்கு வழியாக 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். 5 நிமிடம் போதும். தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள். நீங்கள் மெதுவாக மூச்சு விடுவதாக நினைத்துக்கொண்டு, நெஞ்சு விம்ம அளவுக்கு மீறி இழுத்திருப்பீர்கள். அதனால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. அடுத்த முறை அதே 10 விநாடிதான். காற்றை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.